சாயமின்றி ரத்த நாளங்களைக் காட்டும் விழித்திரைப் படம்: முதியோர் பார்வையைக் காக்க அது மட்டும் போதுமா?

ஹைதராபாத்: படிக்கும் எழுத்தின் நடுப்பகுதி மங்குகிறது, நேரான கதவு நிலை வளைந்து தெரிகிறது. இதனைக் கண்புரை என்றோ, வயதின் இயல்பு என்றோ கருதி முதியோர் பலர் காத்திருக்கின்றனர். ஆனால், விழித்திரையின் மையப்பகுதியான மாகுலா சிதைவதன் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 19.6 கோடி பேருக்கு இந்நோய் இருக்கும் என்றும், 2040இல் அந்த எண்ணிக்கை 28.8 கோடியாக உயரும் என்றும் 2014இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது.

ஈர வகையின் ஆபத்து: உலர் வகைச் சிதைவு மெதுவாக முற்றும். ஈர வகையிலோ, பெரும்பாலும் விழித்திரைக்கு அடியிலுள்ள கோராய்டு படலத்திலிருந்து இயல்புக்கு மாறான ரத்த நாளங்கள் முளைத்து, நீரும் ரத்தமும் கசிகின்றன. தழும்பு உண்டாகிவிட்டால், இழந்த மையப் பார்வை திரும்புவது அரிது.

சாயமில்லாப் படம்: இந்நாளங்களைக் காண 1960களில் இருந்து, கையின் நரம்பில் ஃப்ளோரசின் சாயம் செலுத்திப் படமெடுக்கப்படுகிறது. இதனால் சிலருக்குக் குமட்டலும், அரிதாகக் கடும் ஒவ்வாமையும் ஏற்படும். ஓசிடி ஆஞ்சியோகிராபி முறைக்குச் சாயம் தேவையில்லை. ஒரே இடத்தை ஒளிக்கற்றை மீண்டும் மீண்டும் வருடுகிறது. அசையாத திசு மாறாது. ஓடும் ரத்த அணுக்கள் மாறும். அந்த வேறுபாடே நாளங்களின் வரைபடமாகிறது. சில நொடிகளில் முடிவதால், ஒவ்வொரு வருகையிலும் இதனை எடுக்க இயலும்.

எனினும், கசிவை இப்படம் காட்டாது. ரத்த ஓட்டம் மிக மெதுவாக உள்ள நாளங்கள் விடுபடலாம். பார்வை குன்றியவரின் கண் அசைந்தால் படம் சிதறும். ஆசியரிடம் கூடுதலாகக் காணப்படும் பாலிப் வகை நோய்க்கு, இண்டோசயனின் பச்சைச் சாயப் பரிசோதனை இன்றும் தேவைப்படுகிறது.

ஹைதராபாத் கூறும் பாடம்: 1987இல் இந்நகரில் தொடங்கப்பட்ட எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிறுவனம், ஐஐடி ஹைதராபாத் ஆய்வாளர்களுடன் இணைந்து, ஓசிடி படங்களிலிருந்து கோராய்டின் தடிமனைக் கணினியே அளக்கும் வழிமுறையை உருவாக்கியது. அதே நிறுவனம், கிராமப் பார்வை மையங்களை அடித்தளமாகக் கொண்ட பிரமிடு வடிவச் சேவையையும் நடத்துகிறது. உயர்நுட்பக் கருவிகள் பிரமிடின் உச்சியில் உள்ளன. நோயாளியின் முதல் முறையீடோ அடித்தளத்தில்தான் கேட்கிறது. அங்கிருந்து தாமதமின்றி மேலே அனுப்பப்படாவிட்டால், எத்தகைய நுட்பமான படமும் தழும்பையே காட்டும்.

கண்டறிந்த பின்னரும் சவால் தொடர்கிறது. நாள வளர்ச்சியைத் தடுக்கும் ஊசியைக் கண்ணுக்குள் பலமுறை செலுத்த வேண்டும். 2015இல் இந்தியாவில் அறிமுகமான ரானிபிசுமாப் உயிரிஒத்த மருந்து, மலிவான ஒரு வழியைத் திறந்தது. ஆயினும் பயணச் செலவு, உடன் வர ஆளின்மை ஆகியவை பலரின் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துகின்றன.

ஆகவே, கருவிகள் வாங்குவதற்கு இணையாக, முதல் அறிகுறியைக் கண்டறிவதற்கும் தொடர் சிகிச்சைக்கும் நிதி ஒதுக்கப்பட வேண்டும். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஆம்ஸ்லர் கட்டத்தின் மையப் புள்ளியைப் பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை. கோடுகள் வளைந்து தெரிந்தால், அடுத்த முகாமுக்காகக் காத்திராமல் உடனே விழித்திரை மருத்துவரை அணுகுவதே பார்வையைக் காக்கும்.