ழகரம் சொல்லும் நாவுக்கு ஆங்கிலம் அரிதா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றில் சேரும் தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்மொழி நீங்கலாக, ஏறக்குறைய எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில்தான். கடைசித் தமிழ்ப்பள்ளியாக விளங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987-இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம் முதல்மொழியானது. எனவே, ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்று இன்று விவாதிக்க இடமில்லை. தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அதை எப்படிக் கற்பிப்பது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு நம்மிடையே ஓர் ஆயத்த விடை உலவுகிறது: "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலத்திலேயே பேசுங்கள்." சுவா சூ காங்கில் வார இறுதிகளில் சிறுபிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தொண்டூழியர்களுள் நானும் ஒருவன். இவ்விடையைப் பெற்றோர் பலரிடம் கேட்டிருக்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. இச்சரிவுக்குக் காரணங்கள் பல. ஆயினும் ஆங்கிலத்திற்காகத் தமிழைக் கைவிடும் மனப்பான்மையும் அவற்றுள் ஒன்று என்பதை மறுக்க முடியுமா?

அந்த விடை தமிழுக்கு மட்டுமன்று, ஆங்கிலத்திற்கும் நன்மை செய்யாது என்பதே என் கருத்து. தமிழறிந்த பிள்ளை வெறுங்கையோடு வகுப்பறைக்குள் நுழைவதில்லை. அது கொண்டுவருவதை நாம்தான் பயன்படுத்துவதில்லை.

முதலில் ஒலிப்பைப் பார்ப்போம். நம் பிள்ளைகள் 'புக்கு', 'கப்பு' என்று சொல்வதைச் சோம்பல் என்று கடிந்துகொள்கிறோம். உண்மையில் அது இலக்கணம்! தமிழில் வல்லின மெய்யில் எந்தச் சொல்லும் முடிவதில்லை. குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும். 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆவதும் அப்படியே. தமிழ்ச் சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வாரா. பிழையின் காரணம் தெரிந்த ஆசிரியர், "உதட்டை மூடி அங்கேயே நிறுத்து" என்று ஒரு வரியில் திருத்திவிடுவார். காரணம் தெரியாதவர் பத்து முறை திரும்பச் சொல்லச் சொல்வார்.

குளிருக்கு அணியும் 'கோட்'டும், ஆட்டைக் குறிக்கும் 'கோட்'டும் தமிழெழுத்தில் ஒன்றே. குண்டூசியும் குப்பைத்தொட்டியும் இரண்டுமே 'பின்'தான். பெற்றோர் சிலர் ஆங்கிலச் சொல்லின்மேல் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் பிள்ளை கேட்டறிய வேண்டிய வேறுபாட்டை அது அழித்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, மெல்லிய காகிதம் ஒன்றை வாயருகே பிடிக்கச் சொல்லுங்கள். குண்டூசியைச் சொன்னால் காகிதம் அசையும். குப்பைத்தொட்டியைச் சொன்னால் அவ்வளவாக அசையாது. பிள்ளைக்கு அது விளையாட்டு. நமக்கு அது பாடம்.

இடர்ப்பாடுகள் மட்டுமா? தமிழ் தரும் வலிமைகளும் உண்டு. கப்பலுக்கும் செம்மறியாட்டுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள், 'ஷிப்', 'ஷீப்', சிங்கப்பூர்ப் பேச்சாங்கிலத்தில் பலரது வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. குறில், நெடில் பயின்ற காதுக்கு அந்தக் குழப்பம் இருக்க வேண்டியதில்லை. ஆங்கில ரகரத்திற்காக நாக்கை வளைக்கத் தடுமாறும் பிள்ளையிடம் 'பழம்' என்று சொல்லச் சொல்லுங்கள். நாக்கு எங்கேயும் ஒட்டாமல் வளைந்து நிற்கும் அந்த நிலை, ஆங்கில ரகரத்திற்கு மிக அருகில் இருக்கிறது. எழுத்துகள் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்று கூறுவதற்கென்றே தொல்காப்பியத்தில் பிறப்பியல் என ஓர் இயல் உண்டு. ஒலியை ஆராய்ந்த மரபில் வந்தவர்கள் ஒலிப்புக்கு அஞ்சலாமா?

இன்னொரு வேறுபாட்டையும் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழில் எழுத்தின் பெயரே அதன் ஒலி. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கின்றன. நான் மலேசியாவில் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்றவன். அங்கே மலாயும் அதே ரோமன் எழுத்துகளில்தான் எழுதப்படுகிறது. சி, ஏ, டி என்னும் மூன்று எழுத்துகள் ஆங்கிலத்தில் பூனை. மலாயில் 'சாட்' என்று ஒலித்து, சாயத்தைக் குறிக்கும். ஓர் எழுத்துக்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வோர் ஒலி தரும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை மிரளாது.

அடுத்து, சொல்வளம். பஸ், லிஃப்ட், டீச்சர், பிளேட் எனப் பல சொற்கள் நம் வீட்டுத் தமிழிலேயே கலந்துள்ளன. அங்கிருந்தே தொடங்கலாம். அதைவிட முக்கியமானது பொருளறிவு. அம்மாவோடு சமையலறையில் நின்று கொதிப்பது, பொரிவது, வதங்குவது ஆகியவற்றைத் தமிழில் அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் புதிதாகத் தேவைப்படுவது பெயர் மட்டுமே. அரைகுறை ஆங்கிலத்தில் "அதை எடு, இதை வை" என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையோ, பொருளையும் பெயரையும் ஒருசேரக் கற்க வேண்டியிருக்கிறது. எது எளிது?

பள்ளி ஆசிரியருக்கு இவையெல்லாம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அவர் முன்னால் பல மொழிகள் பேசும் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பின்தங்கும் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்காகக் கற்றல் ஆதரவுத் திட்டம் 1992 முதல் உள்ளது. தேசிய நூலக வாரியத்தின் 'கிட்ஸ்ரீட்' திட்டத்தில் தொண்டூழியர்கள் 2004 முதல் சிறுவர்களுக்கு நூல்களை வாசித்துக் காட்டி வருகிறார்கள். இவை நல்ல முயற்சிகள். ஆயினும் தமிழின் வழியே ஆங்கிலத்தைக் காட்டும் பணி இருமொழியும் அறிந்தவர்களுக்கே உரியது. அவர்கள் யார்? நாம்தாம்!

"தமிழ்ப் பேரவை ஆங்கிலத்திற்கு உழைப்பதா?" என்று சிலர் கேட்கலாம். ஆங்கிலத்தைப் பற்றிய அச்சம்தான் வீடுகளில் தமிழின் வாயை அடைக்கிறது. அந்த அச்சத்தைப் போக்குவதும் தமிழ்ப்பணியே. வாரம் ஒரு மணி நேரம் போதும். ஒரு கதையை நாம் ஆங்கிலத்தில் வாசிப்போம். அதே கதையை வீட்டில் தமிழில் சொல்லுமாறு பெற்றோரிடம் கேட்டுக்கொள்வோம். பிள்ளைக்கு இரண்டு மொழியும் வளரும்.

அடுத்த செயலவை இதனைத் தன் திட்டங்களுள் ஒன்றாக ஏற்குமா? ஏற்றால், சுவா சூ காங்கில் முதல் வகுப்பை நடத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன். உடன் வர உங்களுள் எத்தனை பேர் முன்வருவீர்கள்?