நிறுத்தி வைத்த வான் ஏன் ஆடுகிறது?



வானிலும் பட்டாவிலும் சாப்பாட்டுக் கடை நடத்தும் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வண்டியை நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தியாயிற்று, கான்ட் பிறேக்கை இழுத்தாயிற்று, சில்லுக்குக் கல்லும் வைத்தாயிற்று. அப்படியிருந்தும் உள்ளே ஏறி நாலு அடி நடந்தால் வண்டி தொட்டில் மாதிரி ஆடுகிறது. இது ஏன், இதை நிறுத்த வழி உண்டா என்பதுதான் கேள்வி.

வன்னியிலிருந்து கேட்ட சகோதரி ஒருவருக்கு ஒரு கால் செயற்கைக் கால். வீட்டுக் குசினியில் நின்று சமைப்பதற்கு அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லையாம். வானுக்குள் எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் நிற்கும்போதுதான், உதவிக்கு வரும் மகள் ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் நிலை தடுமாறுகிறதாம். தரை அசைந்தால் பாதமும் கணுக்காலும் நாம் நினைக்காமலே ஈடு கொடுக்கின்றன. செயற்கைக் கால் அப்படி ஈடு கொடுக்காது. பக்கத்தில் கொதிப்பதோ எண்ணெய். ஆகவே இதைச் சின்ன அசௌகரியம் என்று தள்ளிவிட முடியாது.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். கான்ட் பிறேக் செய்யும் வேலை சில்லு உருளாமல் பிடிப்பது மட்டுமே. சில்லுக்கு வைக்கும் கல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஆடுவது சில்லு அல்ல. சில்லுக்கும் மேலே இருக்கும் வண்டியின் உடம்புக்கும் இடையில் ஸ்பிரிங் இருக்கிறது. பட்டாவின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தால், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வில்லுப் போன்ற இரும்புத் தகடுகள் தெரியும். குண்டும் குழியுமான றோட்டில் ஓடும்போது நம்மையும் சாமானையும் காப்பாற்றுவதற்காக வைத்தது அது. ஓடும்போது நன்மை செய்யும் அதே ஸ்பிரிங், நிற்கும்போது நம்மை ஆட்டுகிறது. ரயருக்குள் இருக்கும் காற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் அமுங்கி எழும்பும்.

இன்னொன்றும் உண்டு. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை ஒரு விரலால் தள்ளினாலும், சரியான நேரம் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் ஊஞ்சல் உயரப் போய்விடும். ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் வண்டிக்கும் இப்படி ஒரு சொந்த ஆட்டம் இருக்கிறது. ஏறத்தாழ செக்கனுக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. நாம் நடக்கும் நடையின் வேகமும் கிட்டத்தட்ட அதுவே. அதனால்தான் நிறை குறைந்த ஒருவர் நடந்தாலும் பெரிய வண்டி ஆடுகிறது.

கொத்துரொட்டி போடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தகட்டில் கொத்து விழ விழ வண்டி முழுவதும் குலுங்கி, தட்டில் அடுக்கிய கோப்பைகள் கிலுகிலுக்கும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இடவசதி உள்ளவர்கள் கொத்துத் தகட்டை வண்டிக்கு வெளியே எடுத்து, நிலத்தில் ஊன்றிய தனி இரும்புக் காலில் வைப்பதே நல்லது. மற்ற வழிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். வெளியே வைக்க இடமில்லையென்றால் பின்பக்க ஓரத்தில் வைக்காமல் பின் சில்லுகளுக்கு நேர் மேலே வருமாறு வையுங்கள். சில்லைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் பகுதியில் விழும் நிறை, துலாவின் நுனியில் ஏறி நின்றது போல முழு வண்டியையும் அசைக்கும்.

காரணம் விளங்கினால் வழியும் விளங்கும். ஆடுவது உடம்பு என்றால், தாங்க வேண்டியதும் உடம்பைத்தான். பலர் செய்வது என்னவென்றால், இரண்டு பின் சில்லுகளையும் இணைக்கும் அச்சுக்குக் கீழே கட்டையை அடுக்கி இறுக்கிவிடுகிறார்கள். அச்சு ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. அதை எவ்வளவு இறுக்கினாலும் ஸ்பிரிங் மேலே தன்பாட்டில் ஆடிக்கொண்டுதான் இருக்கும். முட்டுக் கொடுக்க வேண்டிய இடம் வண்டியின் அடிச்சட்டம். கராச்சில் ‘சசி’ என்று சொல்வார்களே, முன்னிருந்து பின்வரை நீளமாகப் போகும் இரண்டு கனத்த இரும்புகள், அவைதான். சில வான்களில் இப்படித் தனிச் சட்டம் இராது. அவற்றில் ரயர் மாற்றும்போது ஜக் வைப்பதற்கென்று பலப்படுத்திய இடங்கள் இருக்கும். உங்கள் வண்டியில் அவை எங்கே என்று கராச்சில் ஒருதடவை காட்டச் சொல்லி, வெள்ளைப் பெயின்றால் அடையாளம் போட்டு வையுங்கள். தகரத் தரைக்கோ, எண்ணெய்த் தாங்கிக்கோ, எஞ்சினுக்கோ கீழே ஒருபோதும் முட்டுக் கொடுக்கக் கூடாது.

மேலை நாடுகளில் வானையே சின்ன வீடு போல ஆக்கி, அதற்குள் படுத்துச் சமைத்துப் பயணம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இரவில் ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவர் விழித்துவிடும் அளவுக்கு அவர்களுடைய வண்டியும் ஆடும். அதற்கென்றே நான்கு மூலையிலும் இறக்கி ஏற்றும் கால்கள் அங்கே விற்கப்படுகின்றன. நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆட்டத்தில் பெரும்பகுதி பின்பக்கத்தில்தான். பின்பக்கத்து இரண்டு மூலைக்கும் இரண்டு முட்டுக் கொடுத்தாலே வித்தியாசம் உடனே தெரியும். நாலும் கொடுத்தால் இன்னும் நல்லது, ஆனால் இரண்டோடு தொடங்குங்கள்.

முட்டாக எதை வைப்பது? திருகி ஏற்றும் ஜக் நல்லது. கத்தரிபோல் விரியும் சின்ன ஜக் பழைய வாகனச் சாமான் கடைகளில் கிடைக்கும். எண்ணெயில் வேலை செய்யும் போத்தல் ஜக், தூக்குவதற்குச் சரி. மணிக்கணக்காகத் தாங்குவதற்கு அது உகந்ததல்ல. உள்ளே எண்ணெய் மெல்லக் கசிந்து, காலையில் இறுக்கியது பின்னேரம் தொய்ந்திருக்கும். வெல்டிங் பட்டறையில் தடித்த குழாயும் திருகாணியும் கொண்டு முட்டுக்கால் செய்விப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்விக்கிறவர்கள் அதைத் தனியாகக் கழற்றி எடுக்கும் விதமாகச் செய்வியுங்கள். வண்டியில் நிரந்தரமாக ஒட்டினால் ஓடும்போது எங்கேயாவது இடிபடும். ஒட்டும் சூட்டில் சட்டமும் பலமிழக்கக் கூடும்.

சீமெந்துப் புளொக் கல்லை மட்டும் முட்டாக வைக்காதீர்கள். சுவர் கட்டும்போது அது எவ்வளவு பாரத்தையும் தாங்குகிறதே என்று சிலர் கேட்பார்கள். சுவரில் பாரம் முழுக் கல்லிலும் பரவி இறங்குகிறது. ஜக்கின் சின்ன முனை ஒரே இடத்தில் அழுத்தினால், முக்கியமாக உள்ளே பொந்து உள்ள கல், முன்னறிவிப்பு எதுவுமில்லாமல் உடைந்துவிடும். மரக்கட்டை அப்படியல்ல. பாரம் கூடினால் நசியும், முறுகும், சத்தம் போடும். முற்றிய பனங்குற்றி கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. பங்கருக்கு மேலே பனங்குற்றி அடுக்கி அதற்குக் கீழே பிள்ளைகளோடு இருந்தவர்களுக்கு அதன் பலத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

முட்டின் கீழே கட்டாயம் பலகை வேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள். ஜக்கின் அடி 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் என்றால் 100 சதுர சென்ரிமீற்றர். அதில் 300 கிலோ இறங்கினால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 3 கிலோ. அதே ஜக்கை 30 சென்ரிமீற்றர் சதுரப் பலகையில் வைத்தால் பரப்பு 900 ஆகிறது. அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. கடற்கரை மணலில் ஜக் புதைவதும் புதையாமல் நிற்பதும் இந்த ஒரு துண்டுப் பலகையில்தான் இருக்கிறது. பலகை வளையாத தடிப்பாக இருக்க வேண்டும். மெல்லிய பிளைவூட் நடுவில் குழிந்துவிடும். களிமண் நிலத்தில் வெயிலுக்கு ஒரு கதை, மாரிக்கு ஒரு கதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு முழுவதும் வண்டியை விட்டிருந்தால், காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒவ்வொரு முட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள்.

செய்யும் ஒழுங்கு முக்கியம். முதலில் சமமான இடம். ஒரு தட்டையான கோப்பையில் தண்ணீர் விட்டு வண்டித் தரையில் வைத்தால் எந்தப் பக்கம் சரிவு என்று தெரிந்துவிடும். சரிவை ஜக்கால் நிமிர்த்த முயலாதீர்கள். பதிந்த பக்கத்துச் சில்லுக்கு முன்னால் அகலப் பலகை போட்டு, வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்துங்கள். பலகைக்காக மண்ணை வெட்டவோ, வீதியோரப் பற்றைக்குள் வண்டியை இறக்கவோ நினைக்கிறவர்கள், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கமாக ஒரு அடிகூட வைக்க வேண்டாம். பிறகு கான்ட் பிறேக். பிறகு சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் ஆப்புக்கட்டை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் முட்டு. எல்லோரும் வண்டியை விட்டு இறங்கிய பின் முட்டு சட்டத்தில் தொடும்வரை திருகி, அதற்குமேல் ஒன்றிரண்டு சுற்று இறுக்கினால் போதும். ஸ்பிரிங்கின் பாரத்தில் கொஞ்சத்தை முட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். ‘சில்லு நிலத்திலிருந்து எழும்ப வேண்டும், அப்போதுதான் ஆடாது’ என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். கான்ட் பிறேக் பெரும்பாலும் பின் சில்லுகளைத்தான் பிடிக்கிறது. அவை அந்தரத்தில் நின்றால் பிறேக்குக்கு வேலையில்லை. பிறகு யாராவது முன்னால் சாய்ந்தாலே வண்டி ஜக்கை விட்டு விழுந்துவிடும்.

எந்தக் காரணத்துக்காகவும் ஜக்கில் நிற்கும் வண்டிக்குக் கீழே தலையையோ கையையோ விடக் கூடாது. உருண்டு போன கரண்டியை எடுக்கப் பிள்ளைகள்தான் முதலில் புகுவார்கள். அந்தப் பக்கத்தைச் சாக்கு கட்டி மறைத்துவிட்டால் நல்லது.

முட்டு வாங்கக் கையில் காசு இல்லாத மாதத்திலும் சில காரியங்கள் செய்யலாம். ரயர்களின் காற்றைக் காலையில், வண்டி ஓடி ரயர் சூடாவதற்கு முன், பார்ப்பியுங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் சாரதிக் கதவோரத்தில் எழுதியிருக்கும். வண்டியின் ஒரு மூலையை இரண்டு கையாலும் அமுக்கி விட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு ஆட்டத்தோடு அடங்க வேண்டும். தொடர்ந்து ஆடினால் ஷொக் அப்சோபர் பழுதாகியிருக்கலாம். அதை மாற்றுவது ஆட்டத்தை முற்றாக நிறுத்தாது, ஆனால் நீளாமல் அடக்கும். றோட்டில் போகும்போது உயிரையும் அதுவே காக்கும்.

பாரமான சாமான்களைக் கீழே இறக்குங்கள். 20 லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று 20 கிலோ. அதை மேல் தட்டில் வைத்தால் வண்டியின் ஆட்டம் கூடும், தரையில் வைத்தால் குறையும். பாதி நிறைந்த பெரிய பீப்பாய்க்குள் தண்ணீர் அலையடித்துத் தானும் ஆட்டும். சின்னச் சின்னக் கான்களாகப் பிரித்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. விற்பனைக்காக வெளியே மடித்துத் திறக்கும் பலகைக்கு நிலம்வரை ஒரு கால் கொடுங்கள். வாடிக்கையாளர் முழங்கை ஊன்றித் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் சரியாமல் இருக்கும். ஏறும் படியையும் வண்டியில் தொங்கவிடாமல் நிலத்தில் வைத்தால், ஏறுகிறவரின் பாரம் கடைசி நிமிடத்தில்தான் வண்டிக்கு வரும்.

காஸ் சிலிண்டரை நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் கட்டுவது எந்த வண்டிக்கும் பொதுவான விதி. ஆடுகிற வண்டியில் குழாயின் பொருத்து மெல்ல மெல்லத் தளரும் என்பதால், நாளுக்கு ஒருதடவை சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் அன்றைக்கு அடுப்பு வேண்டாம். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாட்டின் பல வீடுகளில் காஸ் வெடித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

காற்றுக் காலத்தில், சோளகமோ வாடையோ, வண்டியின் அகன்ற பக்கத்தைக் காற்றுக்குக் காட்டாமல் முகத்தையோ முதுகையோ காட்டி நிறுத்துங்கள். ஏ9 போன்ற பெரிய வீதிகளில் விரைவாகப் போகும் பஸ்ஸும் லொறியும் தள்ளிவிடும் காற்றே வண்டியை உலுப்பும். வீதியிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி நிறுத்தலாமோ அவ்வளவு நல்லது. வாடிக்கையாளரின் கண்ணில் படவேண்டும் என்று றோட்டோரத்தோடு நிறுத்துகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். தரை திடீரென்று அதிர்ந்தால் நெஞ்சு பதறி, கையில் இருப்பதைப் போட்டுவிடுகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் வேலை செய்யும் வண்டியென்றால், பத்து வாடிக்கையாளர் குறைந்தாலும் பரவாயில்லை, உள்ளே தள்ளி நிறுத்துங்கள். கண்ணில் படுவதற்கு ஒரு பெயர்ப்பலகையை றோட்டோரம் வைத்துக்கொள்ளலாம்.

கடையை மூடிப் புறப்படும்போது ஒழுங்கு தலைகீழ். அடுப்பையும் சிலிண்டரையும் பூட்டி, எண்ணெயை ஆறவிட்டு மூடி, முதலில் முட்டுகளைக் கழற்றுங்கள். ஆப்புக்கட்டை கடைசியில். களைத்துப்போன இரவில் முட்டை மறந்து வண்டியை எடுத்தால் ஜக்கும் போகும், சட்டமும் வளையும். அதற்கு ஒரு சுலபமான உபாயம்: காலையில் முட்டை இறுக்கியவுடன் வண்டித் திறப்பை அந்த ஜக்கின் கைபிடியிலேயே கொழுவி விடுங்கள். மறைத்துக் கட்டிய சாக்குக்குள் இருப்பதால் வெளியாரின் கண்ணிலும் படாது. முட்டைத் தொடாமல் யாரும் திறப்பை எடுக்க முடியாது.