ஊர்ச் சொல்லுக்கு வேலியா?

திருவண்ணாமலையில் மலை சுற்றும் பாதை 14 கிலோமீட்டர். ஒரு முறை நடந்து பாருங்கள், தோழர்களே! மலையைப் பார்க்க வேண்டாம். கடைகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடங்கள். அண்ணாமலையார், அருணாச்சலா, ரமணா, தீபம். சோற்றுக் கடையா, பூக்கடையா, பாத்திரக் கடையா, ஊதுவத்திக் கடையா, எதுவானாலும் இந்த நாலைந்து சொற்கள்தாம் மாறி மாறி வரும். என் பெயரை நீ திருடினாய் என்று எவரும் எவர் சட்டையையும் பிடிப்பதில்லை. மலை பொது, மலையின் பெயரும் பொது.

நாளைக் காலை அந்தக் கடைகளில் ஒன்றுக்குக் கடிதம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "தீபம் என்ற சொல் எமது கம்பெனியின் டிரேட்மார்க். பதினைந்து நாளில் பலகையை இறக்கு, இல்லையேல் நீதிமன்றம்!" என்கிறது கடிதம். கடைக்காரர் என்ன செய்வார்? சட்டப் புத்தகத்தையா புரட்டுவார்? பெயின்டரைத் தேடி ஓடுவார்!

கற்பனைதானே என்று சிரித்துவிட வேண்டாம். நடந்த கதைகள் உண்டு.

ஊதுவத்திக்கு 'ராமாயண்' என்று பெயர் சூட்டி, அந்தப் பெயரைத் தமக்கே பதிவு செய்து தரும்படி கேட்டார் ஒரு வணிகர். அதே சரக்கு விற்கும் மற்றொருவர் எதிர்த்தார். பதிவகம் ஆகும் என்றது. மேல்முறையீட்டு வாரியம் ஆகாது என்றது. உச்ச நீதிமன்றம் வரை ஏறிய வழக்கு 2015 அக்டோபரில் முடிந்தது. மக்கள் புனித நூலெனக் கருதும் ஒன்றின் பெயரை மட்டும் தனியே எடுத்து, எந்தப் பண்டத்துக்கும் ஒருவர் ஏகபோகம் கொண்டாட முடியாது. முன்னோ பின்னோ வேறு சொல் சேர்த்தால் அது வேறு கணக்கு என்றது தீர்ப்பு. இராமாயணத்தைப் பற்றி நமது கருத்து நாடறிந்தது. அதைக் கிளற இது இடமல்ல. ஆயினும் இந்தத் தீர்ப்பை நாம் வரவேற்கிறோம், ஊதுவத்தி உருட்டும் ஏழைக் கைகளுக்காக!

நமது சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஒரு வழக்கு நடந்தது. நூடுல்ஸ் விற்கும் ஐ.டி.சி. கம்பெனி 'மேஜிக் மசாலா' என்றது. நெஸ்லே கம்பெனி 'மேஜிக்கல் மசாலா' என்றது. 2013-ல் ஐ.டி.சி. வழக்குப் போட்டது. 2020 ஜூனில்தான் தீர்ப்பு. 'மேஜிக்' என்பது சரக்கைப் புகழும் சொல், தொழிலில் பலரும் வழங்கும் சொல், ஒருவர் அதைத் தமதாக்கிக்கொள்ள முடியாது என்று வழக்கு தள்ளுபடியானது. ஏழாண்டு! இரண்டு யானைகளும் தாக்குப் பிடித்தன. மசாலா அரைத்து விற்கும் நம் தோழர் ஏழு மாதம் தாக்குப் பிடிப்பாரா?

அமெரிக்காவில் நடந்ததையும் கேளுங்கள். மிளகாயும் பூண்டும் மொறுமொறுவென எண்ணெயில் ஊறிய தொடுகறிக்கு அங்கே 'சில்லி கிரஞ்ச்' என்று பெயர். நம் ஊரில் 'பூண்டுப் பொடி' என்பதுபோலப் பொதுப்பேச்சு. 2024-ல் மோமோஃபுகு என்ற பெரிய நிறுவனம் அந்தச் சொல் தனக்கே என்று சிறு உற்பத்தியாளர்களுக்குக் கடிதம் விடுத்தது. மலேசியச் சம்பல் செய்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கும் 90 நாள் கெடு! செய்தி ஏடுகளில் வந்தது. ஊர் காறித் துப்பியது. சில நாளிலேயே நிறுவனத்தைத் தொடங்கியவர் மன்னிப்புக் கேட்டு, இனி அந்த உரிமையை வலியுறுத்தமாட்டோம் என்றார். நீதிமன்றப் படி ஏறாமலே பின்வாங்கிவிட்டார்கள்!

டிரேட்மார்க்கே கூடாதென்று நாம் சொல்லவில்லை. உழைத்து வளர்த்த பெயரைப் போலிக்காரன் திருடினால், ஏமாறுகிறவன் காசு கொடுக்கும் தொழிலாளிதான். புதிதாய்ப் படைத்த பெயருக்குக் காவல் தேவை. ஊரார் பேசும் சொல்லுக்கு வேலி எதற்கு? 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவே, பண்டத்தின் வகை, தரம், பிறந்த ஊர் ஆகியவற்றை மட்டும் சொல்லும் சொல்லைப் பதியக் கூடாது என்கிறது. அதே பிரிவில் ஒரு சந்து உண்டு. நெடுநாள் வழங்கி, அந்தச் சொல் ஒருவருடைய சரக்கையே குறிப்பதாகிவிட்டால் பதியலாமாம்! விளம்பரத்துக்குக் கோடி கொட்டுகிறவனுக்கு அந்தச் சந்து ராஜபாட்டை ஆகாதா?

அதைவிடக் கொடுமை 134ஆம் பிரிவு. பதிவு பெற்றவர் தாம் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 2015-ல் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது உண்மை. தகராறு எழுந்த ஊரில் கம்பெனிக்குக் கிளை இருந்தால் அங்கேதான் வழக்கு. கிளை இல்லாத ஊர்க்காரன் கதி? கம்பெனி டெல்லியில் இருந்தால் அவனும் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதுதான். சட்டம் அவன் பக்கம். ரயில் கட்டணமும் வக்கீல் கட்டணமும் எவன் பக்கம்? சிறு வணிகன் மீதான வழக்கு அவனுடைய மாவட்டத்திலேயே நடக்க வேண்டும் என்று இந்தப் பிரிவைத் திருத்தச் சொல்கிறோம். நாடாளுமன்றத்தில் நம்மவர் இதைக் கேட்கட்டும்!

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பதிவு கேட்கப்படும் பெயர்கள் டிரேட்மார்க் இதழில் வெளியாகின்றன. வெளியான நான்கு மாதத்துக்குள் எவரும் எதிர்க்கலாம். 2017ஆம் ஆண்டு விதிப்படி இணையத்தில் எதிர்ப்பு மனுவுக்கு 2,700 ரூபாய். தனி ஆளுக்குச் சுமை. பத்துக் கடைக்காரர் கூடினால் தலைக்கு 270. வணிகர் சங்கங்கள் மாதம் ஒரு முறை அந்த இதழைப் புரட்ட ஓர் ஆளை அமர்த்தலாகாதா?

கடிதம் வந்துவிட்டதா? பலகையில் கை வைக்காதீர். எதிராளி அந்தப் பெயரை வழங்கத் தொடங்கிய நாளுக்கும் பதிந்த நாளுக்கும் முன்பிருந்தே நீங்கள் தொடர்ந்து வழங்கி வந்தால், 34ஆம் பிரிவு உங்களைக் காக்கும். வெற்று மிரட்டல் என்றால், 142ஆம் பிரிவின்படி நீங்களே அவர் மீது வழக்குப் போடலாம். ஆனால் சான்று வேண்டும். பழைய ரசீதுப் புத்தகம், நகராட்சி உரிமச் சீட்டு, திறப்பு விழாவில் பலகையோடு எடுத்த புகைப்படம் ஆகியவற்றை இன்றிரவே பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வையுங்கள்.