மயங்கி விழுந்ததைக் கண்டவர்களுக்கு

ஒருவர் திடீரென நினைவிழந்து விழுந்தால், அது வலிப்பா, மயக்கமா என்பதைப் பெரும்பாலும் ஸ்கேனைவிட அருகில் இருந்தவரின் சொல்லே தீர்மானிக்கிறது. அது பிழைபட்டால், வேண்டாத மாத்திரைகள் ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடும்.

1974-இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டப்பட்டது. கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என 50 பேரிடமும், ‘நொறுங்க மோதியபோது’ என வேறு 50 பேரிடமும் வினவினர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டதாக முதல் குழுவில் 7 பேரும் இரண்டாம் குழுவில் 16 பேரும் கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! அவர்கள் பொய்யுரைக்கவில்லை, கேள்வியின் ஒரு சொல் நினைவுக்குள் புகுந்துவிட்டது.

ஆகவே, “கை கால் வெட்டி இழுத்ததா?” என்று மருத்துவர் எடுத்த எடுப்பில் கேட்கலாகாது என்பதே எங்கள் கருத்து. “என்ன கண்டீர்கள்?” என்றே தொடங்க வேண்டும். வீட்டாரும் தமக்குள் கலந்து பேசி ஒரே கதையாக்கிக் கொண்டுவர வேண்டாம். தாயும் மகனும் வெவ்வேறாகச் சொன்னால் எங்களுக்குச் சற்றுச் சிரமம்தான். ஆயினும் அந்த வேறுபாடு எங்களுக்கு வேண்டும். கண்டதை அன்றே தனித்தனியே எழுதி வையுங்கள். ஒருவர் நோயாளியைக் கவனிக்கும்போது மற்றொருவர் கைப்பேசியில் படமெடுத்தால் இன்னும் நன்று.