ஸ்க்ரப் டைபஸ் முற்றினால் ஒரு மருந்து போதாதா? வேலூர் ஆய்வு சொன்னது என்ன?

மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் காய்ச்சல் அடித்தால், ‘டெங்குவா இருக்குமோ’ என்பதுதான் முதல் பயம். ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்திருந்தால் பயம் உறுதியாகிவிடும். ஆனால் ஸ்க்ரப் டைபஸிலும் பிளேட்லெட் குறையும். களமருதூர் மாதிரி வயலும் புதரும் சூழ்ந்த ஊர்களிலும், கல்வராயன் மலையடிவாரத்திலும் இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

புதரில் இருக்கும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத உண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது இது. கடித்ததே தெரியாது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. எல்லோருக்கும் அது வருவதும் இல்லை.

சிக்கல் மருந்தில்தான். இந்தக் கிருமி உடல் செல்களுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது. பெனிசிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற வழக்கமான மருந்துகள் இதனிடம் எடுபடாது. ‘ஊசி போட்டாச்சே, இன்னும் காய்ச்சல் விடலையே’ என்று காத்திருக்கும் நாட்களில் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் என ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையே பெரும்பாலும் போதும்.

முற்றிய பிறகு?

வேலூர் சிஎம்சி தலைமையில் நடந்த ஆய்வு இதற்குப் பதில் தேடியது. 2023-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவு வெளியானது. நிலைமை மோசமான 794 பேரை மூன்று பிரிவாக்கி, 7 நாட்கள் நரம்பு வழியே மருந்து கொடுத்தார்கள். மரணம், 5-ம் நாளிலும் விடாத காய்ச்சல், 7-ம் நாளிலும் தீராத உறுப்புப் பாதிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். டாக்ஸிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதம் பேருக்கும், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம் பேருக்கும் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 33 சதவீதம்தான்.

கிருமி புரதம் தயாரிக்கும் இயந்திரத்தின் இரு வேறு பகுதிகளை இந்த இரண்டு மருந்துகளும் தடுக்கின்றன. கூட்டு சிகிச்சை பலன் தர இது காரணமாக இருக்கலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இறப்பு எண்ணிக்கையை மட்டும் தனியாகப் பார்த்தால், மூன்று பிரிவுகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிடைத்த பலன் முக்கியமாக, உறுப்புப் பாதிப்பு சீக்கிரம் சரியானதில்தான். ஆய்வில் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் இல்லை.

இந்த ஆய்வைக் காட்டி மெடிக்கல் கடையில் இரண்டு மாத்திரையையும் சேர்த்து வாங்கிப் போடக் கூடாது. இது ஆஸ்பத்திரியில் சேர்த்து, கண்காணிப்பில் வைத்துத் தரும் சிகிச்சை. மலையிலிருந்து இறங்கி வருபவர் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, காடு கழனியில் வேலை பார்த்ததையும், உடம்பில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்பதையும்தான்.