மின்கம்பி எச்சரிக்கிறது: செவிமடுப்பவர் யார்?

2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிரான்சின் தெற்கே, ஓட் மாவட்டத்தில் மூண்ட காட்டுத்தீ ஏறத்தாழ 16,000 ஹெக்டேயர் நிலப்பரப்பில் பரவியது. பரிசின் லாச்சப்பல் கடைத்தெருவில் தொழில் செய்யும் தமிழருக்கு அது தொலைதூரச் செய்தியாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் கோடைதோறும் வெப்பம் கூடிவரும் நாட்டில், தீயை முன்கூட்டியே தடுப்பது எவ்வாறு என்ற வினாவை எவரும் ஒதுக்கிவிட முடியாது. தீ மூள்வதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மனிதர் முன்னரே அறிந்து தடுக்கக்கூடியது மின்கம்பிகளில் ஏற்படும் பழுதாகும்.

இப்பழுதைக் கவனியாது விட்டதன் விலையை, ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலம் நன்கறியும். 2009 பெப்ரவரி 7ஆம் நாள் அங்கு மூண்ட தீக்களில் 173 பேர் உயிரிழந்தனர். கில்மோர் கிழக்கில் பழைய மின்கம்பி ஒன்று அறுந்ததால் எழுந்த தீ மட்டும் 119 உயிர்களைக் காவுகொண்டது. அன்றைய 11 பெருந்தீக்களில் ஐந்துக்கு மின் கட்டமைப்பே காரணம் என அரச விசாரணை ஆணைக்குழு கண்டறிந்தது. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பரடைஸ் நகரை அழித்து 85 பேரைப் பலிகொண்ட தீயும், ஏறத்தாழ நூறாண்டு பழைமையான மின்கோபுரத்தில் தேய்ந்துபோன கொக்கி ஒன்று முறிந்ததால் மூண்டதே. அதற்குப் பொறுப்பான மின் நிறுவனம் 2020இல் நீதிமன்றத்தில் 84 பேரின் மரணத்துக்கான குற்றத்தை ஒப்புக்கொண்டது.

கம்பியோ காவலியோ பெரும்பாலும் ஒரே நாளில் பழுதடைவதில்லை. இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. காவலியில் வெடிப்பு விழுகிறது. மரக்கிளை கம்பியில் உரசுகிறது. அவ்வேளைகளில் கண்ணுக்குப் புலப்படாத சிறு மின்பொறிகள் தோன்றி, வானொலி அலைகளை எழுப்புகின்றன. கம்பங்களில் பொருத்தப்படும் உணர்கருவிகள் அவ்வலைகளைப் பதிவு செய்கின்றன. இரு கருவிகளை அவை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கணித்து, பழுதின் இடத்தை அறியலாம். மெல்பேர்ணில் உருவான இத்தொழில்நுட்பம் இன்று நடைமுறையில் உள்ளது. அத்துடன், கம்பி நிலத்தில் வீழ்ந்தவுடன் நொடியின் பத்திலொரு பங்கு நேரத்துக்குள் அதன் மின்னழுத்தத்தைத் தணிக்கும் கருவிகளை 45 துணை மின்நிலையங்களில் பொருத்துமாறு விக்ரோரியா அரசு 2016இல் சட்டவிதி கொண்டுவந்தது. காய்ந்த மண்ணில் வீழ்ந்த கம்பியில் பாயும் மின்னோட்டம் மிகச் சிறிது. வழமையான உருகிகள் அதனை உணரா. ஆனால் புல் பற்றிக்கொள்வதற்கு அதுவே போதும்.

ஆகவே குறை அறிவியலில் இல்லை. எச்சரிக்கையைக் கேட்கும் கருவிக்கும் பழைய கம்பியை மாற்றுவதற்கும் பணம் செலவிட வேண்டியவர்கள், இழப்பு நேரும்வரை காலந்தாழ்த்துவதே குறை. கில்மோர் கிழக்குத் தீயில் பாதிக்கப்பட்டோருக்கு 2014இல் இணங்கப்பட்ட இழப்பீடு ஏறத்தாழ 50 கோடி அவுஸ்திரேலிய டொலர். இழப்பீடு கொடுக்கக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்கு மட்டும் கிடைக்காமற் போவது ஏன்?

இவ்வினா லாச்சப்பலுக்கும் உரியது. காட்டில் கம்பியைப் பொறியவைக்கும் அதே இயற்கைவிதிதான் பழைய கட்டடத்தின் சுவருக்குள் தளர்ந்த மூட்டைச் சூடேற்றுகிறது. இப்பகுதியில் தமிழர் வாழும், வணிகம் செய்யும் கட்டடங்கள் பல 19ஆம் நூற்றாண்டுக்குரியவை. சூடேறும் செருகி, மினுங்கும் மின்விளக்கு, அடிக்கடி விழும் ஆளி, கருகல் மணம் ஆகியன அங்கு பழுது அனுப்பும் செய்திகள். 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மின்னிணைப்புள்ள வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர், மின்சாரப் பரிசோதனை அறிக்கையை ஒப்பந்தத்துடன் வழங்க வேண்டும் என்பது 2018 முதல் முழுமையாக நடைமுறையிலுள்ள சட்டம். புகை அறிவிப்பான் 2015 மார்ச் முதல் ஒவ்வொரு வீட்டிலும் கட்டாயம். அதனை வாங்கிப் பொருத்துவது உரிமையாளரின் கடமை.

இவ்வுரிமைகள் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. மொழி அறியாமையாலோ, வீடு பறிபோகும் என்ற அச்சத்தாலோ வாய் திறவாதிருக்கும் குடும்பங்களுக்காகத் தமிழ்ச் சங்கங்களும் வர்த்தகர்களும் குரல் கொடுக்க வேண்டும். அறிக்கையைத் தமிழில் விளக்குதல், உரிமையாளருக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதுதல், தேவைப்படின் நகரசபையில் முறையிடுதல் ஆகியவை பெருஞ்செலவற்ற பணிகள். அனர்த்தம் நேர்ந்தபின் நிதி சேர்ப்பதில் புலம்பெயர் தமிழர் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். அதே ஒற்றுமை அனர்த்தத்துக்கு முன்னரும் வெளிப்பட வேண்டும் என்பதே காலத்தின் கட்டாயம்.