நேர்முகம் போனது, தடை போகவில்லை

1963-ல் அன்றைய மைசூர் அரசு, மருத்துவ, பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வை வைத்தது. விருப்பப் பாடங்களின் மொத்த மதிப்பெண்ணில் 25 சதவீதம் அதற்கு. பொது அறிவோடு என்.சி.சி., விளையாட்டு, சமூக சேவை, பேச்சு, நாடகம் ஆகியவையும் கணக்கில் சேர்ந்தன. 1964-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 15 சதவீதத்துக்கு மேல் நேர்முகத்துக்கு ஒதுக்குவது முறையல்ல என்று அது கூற 1981 ஆயிற்று.

டாக்டருக்குச் சேவை மனம் அவசியமே. ஆனால், தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு நாடக மேடை ஏது? தண்ணீர்க் குடம் சுமந்ததற்கும், சுரங்கத் தூசியால் சிலிகோசிஸ் கண்டு இருமும் தகப்பனைக் கவனித்ததற்கும் யார் சான்றிதழ் தருவார்?

இன்று நேர்முகம் இல்லை. நீட் மதிப்பெண்ணே சீட்டைத் தீர்மானிக்கிறது. ஆனால், அந்த மதிப்பெண் பெறப் பயிற்சி வகுப்பு வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட தங்கவயலில், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூர் சென்று பிழைக்கும் பெற்றோர் ஏராளம். அவர்களுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

அன்று மேடை ஏறாத பிள்ளை பின்தங்கியது; இன்று பயிற்சிக்குப் போகாத பிள்ளை பின்தங்குகிறது. தங்கவயல் அரசுக் கல்லூரியிலேயே மாலை நேர இலவசப் பயிற்சி நடத்த மாநில அரசு ஆவன செய்ய வேண்டும்.